கணித மேதை ரெனே டெகார்ட்

வரைபடத் தாளில் நாம் புள்ளி வைத்துக் கோடு போடுறோமே, அதுக்கு வழி காட்டியவர் ரெனே டெகார்ட்.

1596 மார்ச் 31-ல் பிரான்ஸ் நாட்டில் பிறந்தார். ஒரு வயது முடிந்த கொஞ்ச நாளிலேயே அம்மா இறந்துட்டாங்க. சின்ன வயசிலிருந்தே உடம்பு முடியாதவர். அதனால் பள்ளியில் அவரைக் காலையில் லேட்டா எழுந்திரிக்க விட்டாங்க. ஆனால் சும்மா படுத்திருக்கவில்லை, யோசித்துக்கொண்டே இருந்தார்.

1637-ல் அவர் எழுதிய 'வடிவியல்' வெளிவந்தது. அதில் வடிவங்களைச் சமன்பாடாக எழுதிக் காட்டினார். அந்த வழியில் வந்ததுதான் இது: இரண்டு புள்ளி தெரிந்தால் போதும், கோட்டின் சமன்பாடு கிடைத்துவிடும்.

உதாரணம்: (1, 3), (3, 7).
எக்ஸ் 2 கூடும்போது ஒய் 4 கூடுது.
சாய்வு = 4 ÷ 2 = 2.
எக்ஸ் 1 என்றால் 2 × 1 = 2. ஆனால் ஒய் 3 வரணும். அதனால் 1 சேர்க்கணும்.
விடை: ஒய் = 2 எக்ஸ் + 1.
எக்ஸ் 3 என்று போட்டுப் பாருங்க, 7 வரும்!

1649-ல் சுவீடன் ராணி கிறிஸ்டினா பாடம் சொல்லித்தரக் கூப்பிட்டார். கடும் குளிரில் காலை 5 மணிக்கே பாடம். நிமோனியா வந்து 1650 பிப்ரவரி 11-ல் இறந்தார். வயது 53.

அவர் பிறந்த ஊருக்கு இப்போ அவர் பெயர்தான். உடம்பு முடியாத பிள்ளைன்னு யாரையும் மட்டமா நினைக்காதீங்க!