சாது சுந்தர் சிங்

சாது சுந்தர் சிங் (செப்டம்பர் 3, 1889 – 1929) பஞ்சாபைச் சேர்ந்த கிறித்தவத் துறவியும் நற்செய்தியாளரும் நூலாசிரியரும் ஆவார். சீக்கியக் குடும்பத்தில் பிறந்த இவர், தமது 15 ஆவது வயதில் கண்ட ஒரு காட்சியின் விளைவாகக் கிறித்தவத்தைத் தழுவினார். காவியுடை அணிந்து, பொருள் எதுவும் சேர்க்காமல், இந்தியத் துறவியரின் வழியில் வாழ்ந்தபடியே கிறித்தவத்தைப் போதித்தமைக்காகப் பரவலாக அறியப்படுகிறார். இவர் கண்டதாகக் கூறிய ஆன்மிகக் காட்சிகளில் அரியணை, ஒளி, தழும்பு, நீரலை ஆகியவை திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. இவற்றை நேரடிச் செய்தியாகக் கொள்வதா, குறியீடாகக் கொள்வதா என்பது இவர் வாழ்ந்த காலத்திலேயே விவாதிக்கப்பட்டது. 1929 ஏப்ரலில் திபெத்துக்குப் புறப்பட்ட இவர் திரும்பி வரவில்லை.

இளமை

சுந்தர் சிங் அன்றைய பாட்டியாலா சமத்தானத்துக்கு உட்பட்ட ராம்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சேர் சிங் வசதி படைத்த நிலக்கிழார். தாய் ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். சீக்கிய மறையுடன் இந்து சமய நூல்களையும் போற்றியவர். மகன் ஒரு சாதுவாக வேண்டும் என்பது அவரது விருப்பமாக இருந்தது. ஏழு வயதிலேயே சுந்தர் சிங் பகவத் கீதையை மனப்பாடமாக அறிந்திருந்தார் எனக் கூறப்படுகிறது.

சுமார் 14 வயதில் தாயை இழந்தது இவரைப் பெரிதும் பாதித்தது. ஊரில் அமெரிக்க பிரெசுபிட்டேரியன் சபையார் நடத்திய பள்ளியில் பயின்றபோது, அங்கு கற்பிக்கப்பட்ட விவிலியத்தை அந்நிய நூலாகக் கருதி வெறுத்தார். 1904 டிசம்பரில் நற்செய்தி நூலைத் தம் வீட்டு முற்றத்தில் வைத்து எரித்தார்.

1904 ஆம் ஆண்டுக் காட்சி

நூலை எரித்த பின்னும் சுந்தர் சிங்குக்கு மன அமைதி கிட்டவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை எழுந்து குளிர்ந்த நீரில் நீராடி, கடவுள் ஒருவர் இருந்தால் தமக்கு வழிகாட்ட வேண்டும் என்று வேண்டினார். விடை கிடைக்காவிட்டால், 5 மணிக்கு அவ்வழியே செல்லும் தொடர்வண்டியின் முன் உயிரை விடுவது என்று முடிவு செய்திருந்தார்.

அவர் பின்னாளில் கூறியபடி, சுமார் நான்கரை மணிக்கு அறை முழுவதும் ஒளி பரவியது. வீடு தீப்பற்றிவிட்டதோ என்று எண்ணிக் கதவைத் திறந்து பார்த்தார். வெளியே இருள் மட்டுமே இருந்தது. பின்னர் அவ்வொளியில் ஓர் உருவம் தெரிந்தது. கண்ணனோ புத்தரோ வேறு தெய்வமோ தோன்றும் என எதிர்பார்த்திருந்த அவர், இயேசு கிறித்துவைக் கண்டதாகவும், அவர் இந்துத்தானி மொழியில் தம்மோடு பேசியதாகவும் கூறினார்.

தாம் எதிர்பாராதவர் தோன்றியதால் இது தம் கற்பனை அன்று என்பது சுந்தர் சிங்கின் வாதம். அதே வேளையில், ஒளியும், துன்புறுத்துபவனை நோக்கி எழும் கேள்வியும், புனித பவுல் தமஸ்கு நகருக்குச் செல்லும் வழியில் பெற்ற அனுபவத்தை ஒத்திருப்பதைப் பலரும் சுட்டியுள்ளனர்.

துறவு வாழ்க்கை

மதம் மாறியதால் குடும்பத்தினர் இவரை வீட்டை விட்டு வெளியேற்றினர். 1905 செப்டம்பர் 3 அன்று, தமது 16 ஆவது பிறந்த நாளில், சிம்லாவில் திருமுழுக்குப் பெற்றார். அடுத்த மாதமே காவியுடை அணிந்து, வெறுங்காலுடன் ஊர் ஊராகச் செல்லத் தொடங்கினார். சபாத்துவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்திலும் பணியாற்றினார். கோட்கட் பகுதியில் அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்சுடன் சில காலம் இணைந்து செயற்பட்டார். 1908 இல் முதன்முறையாகத் திபெத்துக்குச் சென்றார்.

லாகூர் இறையியல் கல்லூரியில் 1909 இல் சேர்ந்த சுந்தர் சிங், அங்கு நீண்ட காலம் இருக்கவில்லை. ஆங்கிலிக்கத் திருச்சபை அளித்த போதகர் உரிமத்தையும் பின்னர் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு சபையின் எல்லைக்குள் மட்டும் போதிப்பதை அவர் விரும்பவில்லை.

தென்னிந்தியாவும் வெளிநாடுகளும்

1918 இல் சுந்தர் சிங் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்தார். இப்பயணமே இவரைத் தமிழ்க் கிறித்தவரிடையே நன்கு அறியச் செய்தது. இலங்கையில் இவர் கைவைத்து வேண்டிய பின் நோயுற்ற சிறுவன் ஒருவன் குணமடைந்ததாகச் செய்தி பரவ, மக்கள் கூட்டமாக வரத் தொடங்கினர். மக்கள் கடவுளை விட்டுத் தம் கைகளை நம்பத் தொடங்குவதைக் கண்டு, அவ்வாறு கைவைத்து வேண்டுவதை நிறுத்திக்கொண்டார். அடையாளத்தை அடையாளம் என்ற அளவிலேயே நிறுத்தும் இம்மனப்பாங்கு, தம் காட்சிகளைப் பற்றிய அவரது போக்கிலும் காணப்படுகிறது.

1919 இல் பர்மா, மலாயா, சீனா, சப்பான் ஆகிய நாடுகளுக்கும், 1920 இல் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆத்திரேலியா ஆகியவற்றுக்கும், 1922 இல் பாலத்தீனம் வழியாக மீண்டும் ஐரோப்பாவுக்கும் சென்றார். இவரது உரைகளில் உவமைகள் மிகுதி. நெடுங்காலம் ஆற்றில் கிடந்தும் உட்புறம் நனையாத கல்லை, கிறித்தவத்தில் ஊறியும் அதை உள்ளே ஏற்காத மேற்கு நாடுகளுக்கு ஒப்பிட்டார். இந்தியருக்கு வாழ்வு தரும் நீரை இந்தியப் பாத்திரத்திலேயே தர வேண்டும் என்பதும் இவரது கருத்து.

காட்சிகளும் குறியீடுகளும்

சுந்தர் சிங் 1904 ஆம் ஆண்டு அனுபவத்தையும் பிற்காலக் காட்சிகளையும் வேறுபடுத்திப் பேசினார். முதலாவதை ஊனக் கண்ணால் கண்டதாகவும், பின்னையவற்றைப் பரவச நிலையில் ஆன்மிகக் கண்ணால் கண்டதாகவும் கூறினார். பரவச நிலையில் கண்டவற்றைப் பொதுக்கூட்டங்களில் பேசுவதைத் தவிர்த்தார். நெருங்கியவர்களிடம் மட்டும் கூறினார். அங்கு கண்டவற்றை எந்த மொழியாலும் முழுமையாகச் சொல்ல முடியாது என்பதையும் வலியுறுத்தினார். அவர் விவரித்தவற்றுள் பின்வருவன முதன்மையானவை.

அரியணையும் முகமும்: விண்ணுலகின் நடுவில் கிறித்து அரியணையில் வீற்றிருக்கிறார். அங்கு முதன்முறை சென்றபோது கடவுள் எங்கே என்று தாம் தேடியதாகவும், எல்லையற்ற கடவுளைப் புவியிற் போலவே அங்கும் காண இயலாது, கிறித்துவிலேயே காண இயலும் என்று அறிந்ததாகவும் சுந்தர் சிங் கூறினார். ஆகவே, அரியணை கடவுள் இருக்கும் இடத்தைக் காட்டுவதைவிட, காண இயலாத ஒருவர் காணத்தக்க முகம் ஒன்றைப் பெறுவதையே காட்டுகிறது எனலாம்.

தழும்புகள்: விண்ணுலகக் கிறித்துவின் உடலிலும் சிலுவையின் காயங்கள் உள்ளன. அவை அருவருப்பாக இல்லாமல் ஒளிர்கின்றன. துன்பம் அழிக்கப்படாமல் அழகாக மாற்றப்படுகிறது என்பது இதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது. வீட்டாரால் விலக்கப்பட்டு, பயணங்களில் பல இன்னல்களைச் சந்தித்த ஒருவருக்கு இக்குறியீடு முதன்மையானதாக இருந்ததில் வியப்பில்லை.

ஒளி: கிறித்துவின் முகம் கதிரவனைப் போன்றது, ஆனால் கண்ணைக் கூசச் செய்வதில்லை. இதே ஒளி தீயோருக்குத் தாங்க முடியாததாகிறது. அவர்களை யாரும் துரத்துவதில்லை. ஒளியைப் பொறுக்க இயலாமல் தாமே இருளை நாடிச் செல்கின்றனர். இதனால் நரகம் என்பது வெளியிலிருந்து விதிக்கப்படும் தண்டனை என்பதை விட, ஒருவரின் உள்ளத்து நிலை என்ற கருத்து வலுப்பெறுகிறது.

நீரலை: கிறித்துவிடமிருந்து புறப்படும் ஒளிமிக்க அலைகள், தூயவர்கள் யாவரிடையேயும் பாய்ந்து, கோடைக்காலத்தில் மரங்களுக்கு நீர் புத்துயிர் ஊட்டுவதுபோல் அவர்களுக்குப் புத்துணர்ச்சி அளிக்கின்றன. இவ்வலைகளையே தூய ஆவி என அவர் உணர்ந்தார். நீரை அருளின் வடிவமாகக் காண்பது கிறித்தவத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தில் தருமபுரி மாவட்டம் அரூர் அருகேயுள்ள தீர்த்தமலையில், பாறையிலிருந்து விழும் நீர் இராமருடன் தொடர்புபடுத்தப்பட்டு, மலைக்கே பெயர் தந்துள்ளது. ஆனால் அத்தகைய தீர்த்தத்தில் அடியவர் சென்று நீராடுகிறார். சுந்தர் சிங்கின் காட்சியிலோ நீர் தானே பாய்ந்து, நின்ற இடத்தில் நிற்கும் மரத்தை அடைகிறது. அருள் முந்தி வருகிறது என்ற கிறித்தவக் கருத்து இவ்வேறுபாட்டில் வெளிப்படுகிறது.

கிறித்தவ மரபில்

இக்குறியீடுகள் பலவற்றுக்கு விவிலியத்தில் முன்மாதிரிகள் உள்ளன. எசேக்கியேல் நூலில் அரியணைக் காட்சி வருகிறது. திருவெளிப்பாடு நூலில் கதிரவன் போன்ற முகமும், அரியணையிலிருந்து புறப்படும் வாழ்வு தரும் ஆறும் இடம்பெறுகின்றன. புனித அகுஸ்தீன் காட்சிகளை உடற்கண்ணால் காண்பது, உள்ளத்தில் உருவமாகக் காண்பது, உருவமின்றி அறிவால் உணர்வது என மூவகையாகப் பிரித்தார். 16 ஆம் நூற்றாண்டில் அவிலாவின் புனித தெரேசாவும் உருவமுள்ள காட்சியையும் உருவமற்ற காட்சியையும் வேறுபடுத்தினார். சுந்தர் சிங் கூறிய இருவகைக் கண்கள் இப்பகுப்பின் முதல் இரண்டுக்கு நெருக்கமானவை.

பாளையங்கோட்டையில் பிறந்தவரும், பின்னர் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர் பேராயரானவருமான ஏ. ஜே. அப்பாசாமி, ஆக்சுபோர்டு அறிஞர் பி. எச். ஸ்ட்ரீட்டருடன் இணைந்து 1921 இல் சாதுவைப் பற்றிய ஆய்வு நூலை வெளியிட்டார். சாதுவை நேரில் சந்தித்து உரையாடி எழுதப்பட்ட இந்நூல், அவர் காட்சிகளை மரபுவழி மறைஞானிகளின் அனுபவங்களோடு ஒப்பிட்டு ஆராய்கிறது. அவர் ஊன்றிப் படித்த புதிய ஏற்பாட்டின் உருவங்கள் அவரது காட்சிகளில் தெளிவாகத் தென்படுகின்றன. காட்சியின் வடிவம் காண்பவரின் மனத்திலிருந்து வருவதால் மட்டும் அதன் உட்பொருள் பொய்யாகிவிடாது என்பது, அவருக்கு ஆதரவாக முன்வைக்கத்தக்க வலுவான வாதமாகும்.

சர்ச்சை

1920 களில் சுந்தர் சிங்கின் நம்பகத்தன்மை குறித்துக் கடும் சர்ச்சை எழுந்தது. இயேசு சபையைச் சேர்ந்த எச். ஓஸ்டன், சுந்தர் சிங் கூறிய திபெத் நிகழ்வுகளையும் நாற்பது நாள் உண்ணாநோன்பையும் ஐயுற்று ஆராய்ந்தார். கைலாச மலையில் சந்தித்ததாகச் சாது கூறிய மிக வயது முதிர்ந்த கிறித்தவ மகரிசியைப் பற்றியும் ஐயங்கள் எழுந்தன. சூரிச்சைச் சேர்ந்த போதகரும் உளப்பகுப்பாய்வாளருமான ஆஸ்கார் பிஃபிஸ்டர் 1926 இல் சாதுவை மறுத்து நூல் எழுதினார். செருமானிய அறிஞர் பிரீட்ரிக் ஹெய்லர் சாதுவுக்கு ஆதரவாக எழுதினார். சாதுவோ இவ்விவாதத்தில் பெரிதும் ஈடுபடவில்லை.

சர்ச்சையில் இரு வேறு கேள்விகள் கலந்துவிட்டன. திபெத்தில் ஒரு நிகழ்வு நடந்ததா என்பது சான்று கொண்டு தீர்க்கப்பட வேண்டியது. விண்ணுலக ஒளியின் பொருள் என்ன என்பது அவ்வாறு தீர்க்கத்தக்கதன்று. முதற்கேள்விக்கான ஐயங்கள் இன்றும் முற்றிலும் நீங்கவில்லை. இரண்டாவதற்கு, அக்காட்சிகள் அவர் வாழ்க்கையை எவ்வாறு அமைத்தன என்பதே பார்க்க வேண்டியதாகிறது.

நூல்கள்

உருது மொழியில் இவர் எழுதிய முதல் நூல், ஆங்கிலத்தில் 1922 இல் வெளியானது. குருவின் பாதத்தில் அமர்ந்து உரையாடும் முறையில் அமைந்த இந்நூலைப் பார்க்கர் தம்பதியர் மொழிபெயர்த்தனர். காட்சிகளைத் தொகுத்துக் கூறும் நூல் 1926 இல் வெளிவந்தது. சாவுக்குப் பிந்தைய நிலை, ஆவிகளின் உலகு, தீர்ப்பு ஆகியன இதன் பொருள்கள். 18 ஆம் நூற்றாண்டுச் சுவீடிய அறிஞர் இம்மானுவேல் சுவீடன்போரின் காட்சிகளுடன் இந்நூலுக்குள்ள ஒற்றுமைகள் பேசப்படுகின்றன. சுந்தர் சிங் தம் இறுதி ஆண்டுகளில் அவரது நூல்களைப் படித்துப் பாராட்டினார்.

மறைவு

தொடர்ந்த பயணங்களால் உடல்நலம் குன்றிய சுந்தர் சிங், கடைசி ஆண்டுகளில் சபாத்துவில் தங்கியிருந்தார். 1929 ஏப்ரலில் நண்பர்கள் தடுத்தும் கேளாமல் திபெத்துக்குப் புறப்பட்டார். அதன் பின் அவரை யாரும் கண்டதாக உறுதியான செய்தி இல்லை. தேடிச் சென்றவர்களுக்கும் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. 1933 இல் அவர் இறந்துவிட்டவராகக் கருதப்பட்டார். இங்கிலாந்துத் திருச்சபை சூன் 19 ஆம் நாளில் இவரை நினைவுகூர்கிறது.