கேட்கத் தெரிந்த மருத்துவர்: டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ்

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டுகளைப் பொழிந்தது. கரையோரத்து எண்ணெய்க் கொள்கலன்கள் தீப்பற்றி எரிந்தன. தாக்குதல் நீடித்தது சிறிது நேரமே, உயிரிழப்பும் மிகுதியன்று. எனினும் அடுத்துவந்த நாள்களில் பல்லாயிரவர் அஞ்சி நகரைவிட்டு வெளியேறினர். பின்னர் அந்த அச்சம் ஒரு சொல்லாயிற்று. சூழ்ச்சியும் துணிவும் மிக்கவனை எம்டன் என்று அழைக்கும் வழக்கு தமிழில் நிலைபெற்றது. சொல்லாக மாற்றப்பட்ட அச்சத்தோடு வாழ முடிகிறது. சொல்லப்படாத அச்சமோ உள்ளிருந்து அரிக்கிறது. அதே உலகப் போரின்போது இவ்வுண்மையைத் தம் நோயாளிகளிடம் கண்டறிந்து மருத்துவ உலகிற்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ். தமிழகத்தின் நீலகிரி மலையில் தங்கி ஆய்வு செய்தவர் என்ற வகையில் அவர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர்.

திக்குவாய்ச் சிறுவன்

ரிவர்ஸ் 1864ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தார். தந்தையார் சமயகுரு, திக்குவாய் உடையோர்க்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பதிலும் ஈடுபட்டிருந்தவர். அத்தகையவரின் மகனுக்கே திக்குவாய் இருந்தது. அது வாழ்நாள் முழுதும் அவரைவிட்டு அகலவில்லை. சொல் தடைப்படும் துன்பத்தைத் தம் நாவிலேயே அறிந்த ஒருவர், சொல்லிழந்து வந்தவர்களுக்கு மருத்துவரானார் என்பது எண்ணத்தக்கது.

1886இல் மருத்துவப் பட்டம் பெற்ற ரிவர்ஸ், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் புலனுணர்வுகளின் உடலியலைக் கற்பித்தார். 1898இல் ஹேடன் தலைமையில் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக்குழுவில் இடம்பெற்றார். உறவுமுறைகளைக் குடிவழி அட்டவணைகளாகத் திரட்டும் முறையை அங்கேதான் அவர் வகுத்தார். மானுடவியல் அவரை ஈர்த்துக்கொண்டது.

நீலகிரி கற்பித்தது

1901ஆம் ஆண்டின் இறுதியில் நீலகிரிக்கு வந்த ரிவர்ஸ், தோடர் மக்களிடையே சில மாதங்கள் தங்கி ஆய்வு செய்தார். அதன் பயனாக 1906இல் வெளிவந்த பெருநூல் தோடரியல் ஆய்வுக்கு இன்றும் அடிப்படையாக விளங்குகிறது. தோடர்களின் இறப்புச் சடங்கு இருமுறை நிகழ்வதை அவர் விரிவாகப் பதிவு செய்துள்ளார். உடலை எரிக்கும்போது நிகழ்வது பச்சைச் சடங்கு. காலம் கடந்தபின், எஞ்சிய நினைவுப் பொருள்களை வைத்து மீண்டும் கூடி அழுது முடிப்பது உலர்ந்த சடங்கு. துயரத்திற்கு இரண்டாவது தவணை ஒன்று வேண்டும் என்பதை அம்மக்கள் தம் மரபாலேயே அறிந்திருந்தனர்.

நீலகிரியில் அவர் பெற்ற மற்றொரு பாடம் கசப்பானது. மறைவான சடங்குகளை அவருக்கு வெளிப்படுத்திய சிலர்க்கு அடுத்தடுத்துத் தீங்குகள் நேர்ந்தன. அயலாரிடம் மறைபொருளைச் சொன்னதே காரணம் எனத் தோடர்களின் குறிசொல்வோர் கூறினர். அதன்பின் அவருக்குச் செய்தி சொல்லப் பலரும் தயங்கினர். பேசவைப்பது மட்டுமே நன்மையாகிவிடாது; பேசுகிறவர் அதற்கு ஒரு விலை கொடுக்கிறார் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

போர்க்கால மருத்துவமனை

முதல் உலகப் போரில் பிரித்தானியப் படையினருள் ஏறத்தாழ 80,000 பேர் குண்டதிர்ச்சி நோய்க்கு ஆளாயினர் என்பர். உடலில் காயமின்றியே பேச்சிழந்தோரும், நடையிழந்தோரும், உறக்கமிழந்தோரும் அவர்களுள் அடங்குவர். இவர்களைக் கோழைகள் என்றே பலர் கருதினர். கோழைமை, படையைவிட்டு ஓடுதல் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட 306 பேர்க்கு 2006இல்தான் பிரித்தானிய அரசு மன்னிப்பு வழங்கியது. மருத்துவமனைகளிலும் பேச்சிழந்த படைவீரர்க்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பேசவைக்கும் கொடுமை நிகழ்ந்தது.

1915இல் மகல் மருத்துவமனையில் பணியேற்ற ரிவர்ஸ், 1916இல் எடின்பரோவை அடுத்த கிரேக்லாக்கார்ட் மருத்துவமனைக்கு வந்தார். அது படை அலுவலர்களுக்குரியது. ஃப்ராய்டின் நனவிலிக் கோட்பாட்டை அவர் ஏற்றார். ஆனால் எல்லா உளநோய்க்கும் பாலுணர்வே வேர் என்பதை ஏற்கவில்லை. உயிரைக் காத்துக்கொள்ளும் இயல்பூக்கத்திற்கும் கடமையுணர்வுக்கும் இடையே நிகழும் போராட்டமே இந்நோயின் வேர் என்று அவர் கண்டார். மறந்துவிடு என்று அறிவுரை கூறுவதே அன்றைய மருத்துவ வழக்கு. பகலில் அடக்கிய நினைவே இரவில் கொடுங்கனவாக எழுகிறது என்று காட்டி, அவ்வழக்கை 1917 டிசம்பரில் தாம் படித்த கட்டுரையில் அவர் மறுத்தார்.

அக்கட்டுரையில் விளக்கப்படும் நோயாளி ஒருவர், சிதறிக் கிடந்த நண்பரின் உடலைப் போர்க்களத்தில் கண்டவர். அக்காட்சி இரவுதோறும் கனவில் வந்து அவரை நடுங்கச் செய்தது. அந்த நண்பர் வலியறியாமல் நொடிப்பொழுதில் இறந்திருப்பார் என்பதை ரிவர்ஸ் அவருக்கு எடுத்துக்காட்டினார். சில நாள்களுக்குப்பின் கனவு மீண்டும் வந்தது. ஆனால் அச்சம் போய்த் துயரம் வந்திருந்தது. அக்கனவில் அவர் நண்பரின் அருகே மண்டியிட்டு, அவருடைய உடைமைகளை வீட்டுக்கு அனுப்புவதற்காக எடுத்துக்கொண்டிருந்தார். அச்சம் துயரமாக மாறுவதே குணமடைதல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. வேறொருவரின் நினைவிலோ, ஆறுதலுக்குரிய கூறு எதனையும் ரிவர்ஸால் காண இயலவில்லை. அதனையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

கவிஞரும் மருத்துவரும்

போரைக் கண்டித்து வெளிப்படையாக அறிக்கை விடுத்த கவிஞர் சீக்ஃபிரிட் சசூன், இராணுவ விசாரணைக்கு மாற்றாக 1917 ஜூலையில் இம்மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே வேறொரு மருத்துவரின் பார்வையில் இருந்த வில்ஃபிரட் ஓவன் என்னும் இளங்கவிஞர், சசூனின் நட்பால் தம் கவிதைக்குப் புதுத்தடம் கண்டார்.

சசூனுடன் உரையாடிய ரிவர்ஸ் தாமே கலக்கமுற்றார். நோயாளியின் வாதம் சரியென்று மருத்துவரே ஏற்றுவிட்டால் என்னாகும் என்ற உள்போராட்டம் அவர் கனவில் வெளிப்பட்டது; தம் கனவையே அவர் பகுத்தாய்ந்து எழுதினார். 1917 நவம்பரில் சசூன் மீண்டும் படைப்பணிக்குத் திரும்பினார், உயிர் பிழைத்தார். ஓவனோ 1918 நவம்பர் 4ஆம் நாள், போர் ஓய ஒரு வாரமே இருக்கையில், களத்தில் மாண்டார். குணமாக்கி மீண்டும் கொலைக்களத்திற்கே அனுப்புவது மருத்துவமா என்னும் வினா ரிவர்ஸின் வாழ்வில் விடை காணாமலே நின்றது.

1922இல், மெலனீசியத் தீவுகளில் மக்கள்தொகை குறைந்துவருவது பற்றிய கட்டுரைத் தொகுப்பை அவர் பதிப்பித்தார். புதிய நோய்களும் காரணமே. ஆயினும் அம்மக்களின் சடங்கும் தொழிலும் ஆட்சியாளரால் திடீரென நிறுத்தப்பட்டதால் வாழும் வேட்கையே வற்றிப்போயிற்று என்று அவர் வாதிட்டார். தனிமனித மனம் போன்றே சமுதாயமும் காயமுறும் என்பதே இதன் சாரம். அவ்வாண்டு நடக்கவிருந்த தேர்தலில் தொழிற்கட்சி வேட்பாளராக நிற்கவும் அவர் இசைந்திருந்தார். 1922 ஜூன் 4ஆம் நாள் குடலிறக்க நோயால் திடீரென மறைந்தார்.

நம் கரைக்கு

யாழ்ப்பாணத்தில் போரும் ஆழிப்பேரலையும் விளைத்த கூட்டு மனவடுவை ஆராய்ந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், சடங்கும் உறவும் ஊரும் சேர்ந்தே மருந்தாக வேண்டும் என்று வலியுறுத்தினார். பேரிடர்க்குப்பின் நடந்ததை உடனே சொல்லும்படி வற்புறுத்தலாகாது. அருகிருந்து, சொல்ல விரும்புவதைக் கேட்டால் போதும் என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. இவ்விரண்டின் விதைகளும் ரிவர்ஸின் வாழ்வில் உள்ளன.

வடசென்னைக் கரைக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா வாயுவால் பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி வீடுகளைவிட்டு ஓடினர். காசிமேட்டில் ஆண்டுதோறும் கடலில் பாலூற்றி மலர் தூவி அழுவது, தோடர்களின் உலர்ந்த சடங்கைப் போன்றதொரு மருத்துவமே. உளப்பகுப்பாய்வாளர் அதற்கு மாற்றாக வரலாகாது, துணையாக வரவேண்டும்.

ஆயினும் ரிவர்ஸை உறுத்திய வினா இங்கும் உறுத்துகிறது. தொழிலுக்குப் போகும் நீரில் எண்ணெய் மிதக்கையில், மனத்தை மட்டும் ஆற்றி மீனவரை அதே நீருக்கு அனுப்புவது அரைகுறை மருத்துவமாகும். துயரத்தைக் கேட்பவர் அதன் காரணத்தையும் கேட்டாக வேண்டும். இக்கடமை மருத்துவர்க்கு மட்டுமன்று, சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்க்கும் உரியது.