விலைப்பட்டியலில் இல்லாத பெயர்

கோவையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த நாள்களில் கொள்முதல் குழுவிலும் சில காலம் பணியாற்றினேன். ஒருமுறை உயிர்தொழில்நுட்பத் துறை அனுப்பிய விலைப்பட்டியல் என்னைத் திகைக்க வைத்தது. மனித மரபணுவை ஈஸ்ட் செல்லில் செலுத்தி உருவாக்கி, தூய்மைப்படுத்திய கொலாஜன் புரதம். ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும். அளவு சில மில்லிகிராம். விலையோ, என் துறை ஓராண்டில் வாங்கும் நூல்களின் மொத்த விலையை நெருங்கியது.

பொருளாதாரம் படித்தவன் என்பதால், அந்த விலையில் எவையெல்லாம் அடங்கும் என்று கேட்டேன். பொறுமையாக விளக்கிய சக பேராசிரியர், அதில் அடங்காத ஒன்றையும் குறிப்பிட்டார். அது ஜி.என். ராமச்சந்திரன் என்னும் தமிழரின் உழைப்பு.

1922 அக்டோபர் 8-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர் ராமச்சந்திரன். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை, சர் சி.வி. ராமன் இயற்பியலுக்கே ஈர்த்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவரை, 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறையின் தலைவராக்கியது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், ஏறத்தாழ முப்பது வயதே ஆன ஒருவரை நம்பி அப்பொறுப்பை ஒப்படைத்தார்.

அங்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் கொலாஜன். ஈரோட்டுத் தோல் பதனிடும் தொழிற்கூடங்களுக்கு வரும் தோல்களுக்கு உறுதி தருவது இப்புரதமே; நம் எலும்புக்கும் தசைநாணுக்கும் அவ்வாறே. ஆய்வுக்குத் தேவையான மாதிரிகளுக்கு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கைகொடுத்தது. கொலாஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம். இந்த விகிதத்தைத் துப்பாகக் கொண்டு, மூன்று சங்கிலிகள் கயிறுபோல் முறுக்கிக்கொள்ளும் அமைப்பை, கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1954, 1955-ஆம் ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் முன்வைத்தார்.

டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் முச்சுருளை ஏற்றனர். ஆனால், சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுமீறி நெருங்கியிருப்பதாகக் குறை கூறினர். ராமச்சந்திரன் வாதத்தில் இறங்கி நிற்கவில்லை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்ற அடிப்படைக் கேள்விக்கே விடை தேடினார். அதுவரை அறியப்பட்ட படிக அமைப்புகளிலிருந்து அணு இடைவெளிகளைத் திரட்டினார். புரதச் சங்கிலியின் ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் சுழலக்கூடிய இணைப்புகள் இரண்டு. அணுக்கள் மோதிக்கொள்ளாமல் அவை எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்பதை சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு, 1963-இல் வெளியிட்டார். அதுவே ராமச்சந்திரன் வரைபடம்.

அன்று அமைப்பு தெரிந்திருந்த புரதங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இன்று உலகப் புரதத் தரவு வங்கியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. ஆய்வகத்தில் உருவாக்கிய தூய புரதத்தைப் படிகமாக்கி அதன் வடிவத்தைக் கண்டறிவோர், தம் முடிவு சரிதானா என்று இவ்வரைபடத்தில் இட்டுப் பார்க்கின்றனர். அதற்கு எவரும் கட்டணம் செலுத்துவதில்லை.

பின்னர் அவர் பெங்களூரு சென்று மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். 1971-இல் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் வெளியிட்ட கணித முறை, சி.டி. ஸ்கேன் படங்களை உருவாக்கவும் துணைபுரிந்தது. 1977-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோபல் பரிசு கிட்டவில்லை. 2001 ஏப்ரல் 7-இல் சென்னையில் மறைந்தார்.

குறை சுட்டப்பட்டதற்கும் வரைபடம் வெளிவந்ததற்கும் இடையே எட்டு ஆண்டுகள். அந்த அவகாசத்தை அளித்தது ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். இன்று அத்தகைய பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. தொகுப்பூதிய விரிவுரையாளர்கள் அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று அறியாமல் பாடம் நடத்துகின்றனர்.

அன்று அந்தப் புரதக் குப்பிக்குக் கையொப்பமிட்டேன். விடை தெரியாத ஒரு கேள்விக்காக எட்டு ஆண்டுகள் வேண்டும் என்று ஓர் இளம் பேராசிரியர் எங்கள் குழுவின் முன் வந்து நின்றிருந்தால், கையொப்பமிட்டிருப்பேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.