பனிமலைப் பாதையில் இருவர்

அருஞ்செயல்களை ஒருவர் பெயரோடு சேர்த்தே நினைவில் கொள்வது வரலாற்றின் இயல்பு. அச்செயலில் தோள் கொடுத்த மற்றொருவர் பெயர் மெல்ல மறைந்துவிடும். லாசா நகரினுள் நுழைந்த முதல் ஐரோப்பியப் பெண்மணி எனப் போற்றப்படும் அலெக்சாந்திரா தாவீத்-நீல் அம்மையாரின் வாழ்வைப் படிப்போர், அவ்வாறு மறைந்து நிற்கும் ஒரு பெயரையும் உடன் காண்பர். அது யோங்டன் என்பது.

1868ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் பாரிசை அடுத்த சேன்-மாந்தே என்னும் ஊரில் அம்மையார் பிறந்தார். இளமையிலேயே கீழைநாட்டு மெய்யியலில் தோய்ந்தார்; பொருள் ஈட்டும் பொருட்டு இசைநாடகப் பாடகியாகி ஹனோய் வரை சென்று பாடினார். 1904இல் இருப்புப்பாதைப் பொறியாளரான பிலிப் நீலை மணந்தார். 1911இல் ஒன்றரை ஆண்டில் திரும்புவதாகக் கூறி இந்தியாவுக்குப் புறப்பட்டவர், பிரான்சுக்கு மீண்டது 1925இல்தான். மனம் வருந்தினும் கணவர் பொருளனுப்பி உதவினார். அவருக்கு எழுதிய மடல்களே அம்மையாரின் மறைவுக்குப்பின் பயண நூலாக வெளிவந்தன.

1911இல் புதுச்சேரியில் அரவிந்தரையும், 1912இல் காலிம்பொங்கில் 13ஆம் தலாய் லாமாவையும் அம்மையார் சந்தித்தார். பின்னர்ச் சிக்கிமின் மலைக்குகை ஒன்றில் துறவியொருவரிடம் திபெத்திய மொழியும் தியானமும் பயின்றார். அங்கேதான் 1914இல், பதினைந்து வயதுச் சிறுவனான யோங்டன் பணியாளாக வந்து சேர்ந்தான். 1916இல் இசைவின்றித் திபெத்தின் சிகாட்சே நகருக்குச் சென்று வந்தமையால் ஆங்கில அரசு அம்மையாரைச் சிக்கிமினின்றும் வெளியேற்றியது. அத்தடையே லாசாவைக் கண்டே தீர்வது என்னும் உறுதியை அவர் நெஞ்சில் விதைத்தது.

சப்பான், கொரியா, சீனம் எனச் சுற்றிக் கும்பும் மடத்தில் சில ஆண்டுகள் தங்கியபின், 1923 அக்டோபரில் யுன்னானிலிருந்து இருவரும் நடந்தே புறப்பட்டனர். அம்மையாருக்கு வயது 55, யோங்டனுக்கு 24. புனிதத் தலங்களை நாடிச் செல்லும் ஏழை லாமாவாக யோங்டனும், அவர்தம் முதிய தாயாக அம்மையாரும் வேடம் பூண்டனர். அம்மையார் மையால் கூந்தலைக் கறுப்பாக்கி, கவரிமா மயிரைச் சடையோடு பின்னி, கரித்தூளும் கொக்கோத் தூளும் முகத்தில் பூசிக்கொண்டார். ஆடைக்குள் கைத்துப்பாக்கியும் திசைகாட்டியும் மறைந்திருந்தன.

வழியில் உயிர்காத்தது ஆயுதம் அன்று, யோங்டனின் நாவே. ஊர்தோறும் இரந்தும், குறி சொல்லியும், மந்திரம் ஓதியும் உணவு பெற்றார். ஐயுற்றோரைப் பேச்சினால் திசைதிருப்பினார். அவர் பேச, அயல்நாட்டவர் என எவரும் அறியாதவாறு அம்மையார் ஒதுங்கி அமர்ந்திருப்பார். கற்றறிந்த ஆசிரியை வாய்மூடி நிற்க, மாணாக்கர் வழிநடத்திய காலம் அது.

கணவாய் ஒன்றைப் பனியில் கடந்தபோது இருவரும் பத்தொன்பது மணிநேரம் நடந்தனர். நள்ளிரவுக்குப்பின் தங்க இடம் கிடைத்தும், சிக்கிமுக்கிக்கல் நனைந்திருந்தமையால் தீ மூட்ட இயலவில்லை. குகையில் கற்ற, மூச்சையும் மனத்தையும் அடக்கி உடலில் வெப்பம் எழுப்பும் பயிற்சியால் அம்மையார் கல்லை உலர்த்தித் தீ உண்டாக்கினார். பிறிதொரு நாள் யோங்டன் சரிவில் வீழ்ந்து கணுக்கால் பிசகினார். நடக்கவும் இயலாது, உண்ணவும் ஏதுமின்றி, காலணிக்கென வைத்திருந்த தோலைக் கொதிக்கவைத்து அந்நீரைப் பருகினர். ஒருவரைவிட்டு மற்றவர் சென்றிருந்தால் இருவருமே மாண்டிருப்பர்.

1924 பிப்ரவரியில் லாசாவை அடைந்து, புத்தாண்டு விழாக் கூட்டத்தினூடே இரு திங்கள் தங்கினர். 1927இல் வெளிவந்த பயண நூலின் தலைப்போ பாரிசுப் பெண்மணி ஒருத்தியை மட்டுமே சுட்டியது. எனினும் அம்மையார் நன்றி மறந்தவரல்லர். யோங்டனை மகனாகத் தத்தெடுத்தார். திபெத்தியரின் கேசர் காப்பியத்தைப் பிரெஞ்சில் தந்தபோது அவர் பெயரையும் உடன் பொறித்தார். ஐரோப்பிய வாசகரை அக்காப்பியம் எட்டியது இருவர்தம் கூட்டுழைப்பால் என்பதைக் கவிதை போற்றுவோர் மறத்தல் தகாது.

யோங்டன் 1955இல், தென்பிரான்சின் தீன் நகரில் அவ்விருவரும் வாழ்ந்த இல்லத்தில் மறைந்தார். நூறாம் வயதிலும் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்ட அம்மையார், 1969 செப்டம்பர் 8ஆம் நாள் அதே ஊரில் இயற்கை எய்தினார். 1973இல் இருவர் அத்தியும் காசியில் கங்கைநீரில் ஒன்றாகக் கரைக்கப்பட்டன. நூலின் தலைப்பு பிரித்த பெயர்களை ஆறு சேர்த்துக்கொண்டது.