ஜெனீவாவின் குடிமகன்

இன்று சுவிட்சர்லாந்தில் உள்ள ஜெனீவா, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மதில் சூழ்ந்த ஒரு தனிக் குடியரசாக விளங்கியது. அந்நகரில் கடிகாரம் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1712ஆம் ஆண்டு பிறந்தவர் ழான் ழாக் ரூசோ. பிறந்த சில நாள்களிலேயே அவர் தாயை இழந்தார். தந்தையும் மகனும் இரவெல்லாம் விழித்திருந்து நூல்களைப் படிப்பதுண்டு. விடியற்காலையில் பறவைகளின் ஒலி கேட்ட பிறகே உறங்கச் செல்வார்களாம்.

பின்னர் உலோகத்தில் உருவம் செதுக்கும் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அவரோ கடுமையானவர். 1728ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, வெளியே உலாவச் சென்ற ரூசோ திரும்புவதற்குள் நகரின் கதவுகள் அடைக்கப்பட்டுவிட்டன. முன்னரும் இவ்வாறு நேர்ந்து அடிபட்டவர் ஆதலின், இனி உள்ளே செல்வதில்லை எனத் துணிந்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்து.

ஏவலாளராகவும் இசையாசிரியராகவும் தூதர் ஒருவரின் செயலராகவும் பல ஊர்களில் வாழ்ந்து, பாரிஸ் நகரை அடைந்தார். அங்கே புகழ்பெற்ற பின்னரும், தம் நூல்களின் முகப்பில் தம்மை ஜெனீவாவின் குடிமகன் என்றே குறித்துக்கொண்டார். அதில் அவருக்கு அத்துணைப் பெருமை.

1762ஆம் ஆண்டு 'சமுதாய ஒப்பந்தம்' வெளிவந்தது. ஆளும் உரிமை இறைவனால் மன்னருக்கு அளிக்கப்பட்டது என்று பிரான்சு நாட்டார் நம்பிய காலம் அது. ரூசோ அதனை மறுத்தார். வழியில் கள்வன் மிரட்டினால் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். அதனால் அப்பணம் அவனுக்கு உரியதாகிவிடுமா? அவ்வாறே, வலிமையால் மட்டும் ஆட்சிக்கு உரிமை பிறப்பதில்லை. மக்கள் அனைவரும் கூடித் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாட்டிலிருந்தே அது பிறக்கிறது. ஆள்வோர் மக்களின் பணியாளர். மக்கள் விரும்பினால் அவர்களை மாற்றலாம்.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். மக்களின் விருப்பம் என்பது ஒவ்வொருவரின் ஆசையையும் கூட்டிப் பெறும் தொகையன்று. கோடையில் நம் குடியிருப்புக்குத் தண்ணீர் வண்டி வருகிறது. தன் வீட்டுக் குடங்கள் நிறைய வேண்டும் என்றே ஒவ்வொருவரும் விரும்புகிறார். அவ்விருப்பங்களைக் கூட்டினால் சண்டைதான் மிஞ்சும். வீட்டுக்கு இத்தனை குடம் என அனைவர்க்கும் பொருந்தும் முறையை நாடுவதையே ரூசோ பொது விருப்பம் என்றார். ஆனால், அது இன்னதென்று யார் கூறுவது? இதற்கு அவர் தந்த விடை தெளிவாக இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின்போது ரோபெஸ்பியர் முதலியோர், மக்களின் விருப்பத்தைத் தாமே அறிந்தவர் போலப் பேசிப் பலரைக் கொலைக்களத்திற்கு அனுப்பினர்.

ஜெனீவாவிலோ, சட்டப்படி குடிமக்களின் பேரவையே உயர்ந்தது. உண்மையில் சில குடும்பங்களைச் சேர்ந்த இருபத்தைந்து பேர் கொண்ட சிறு மன்றமே நகரை ஆண்டது. வெளியூரிலிருந்து வந்து குடியேறியோர்க்கும், அந்நகரிலேயே பிறந்த அவர்தம் பிள்ளைகளுக்கும் பேரவையில் இடமில்லை. அச்சிறு மன்றம் ரூசோவின் நூலை எரிக்க ஆணையிட்டது. நகருக்குள் வந்தால் அவரைச் சிறைப்பிடிக்கவும் கூறியது. பாரிஸிலும் அவருடைய கல்வி நூலாகிய 'எமில்' எரிக்கப்பட்டிருந்தது. 1763ஆம் ஆண்டு ரூசோ தம் ஜெனீவாக் குடியுரிமையைத் துறந்தார். மன்றத்தின் செயலை எதிர்த்துக் குடிமக்கள் பலர் முறையிட்டனர். அம்முறையீட்டைப் பேரவையின் முன் வைக்கவே மன்றம் மறுத்துவிட்டது.

அதன்பின் ரூசோவுக்கு அலைச்சலே வாழ்வாயிற்று. ஓரூரில் அவர் வீட்டின்மீது கல்லெறிந்தனர். முதுமையில் இசைத்தாள்களைப் படியெடுத்துப் பிழைத்தார். அவர் வாழ்வில் ஒரு பெருங்குறையும் உண்டு. அதை மறைத்தல் முறையன்று. குழந்தை வளர்ப்பைப் பற்றி நூல் எழுதிய அவர், தம் குழந்தைகள் ஐவரையும் அநாதை விடுதியில் சேர்த்துவிட்டார். பெண்களுக்கு அரசியலில் இடம் தரவும் அவர் எண்ணவில்லை.

1778ஆம் ஆண்டு ரூசோ மறைந்தார். 1792ஆம் ஆண்டு ஜெனீவாவில் புரட்சி எழுந்தது. குடியேறியோர்க்கு அங்கே பிறந்த மைந்தர்களும் குடிமக்கள் ஆயினர். அந்நகரத்துப் பெண்கள் வாக்குரிமை பெற்றதோ 1960ஆம் ஆண்டில்தான்.