காலிமுகத்திடலும் தந்தை செல்வாவும்

2022 மே 9 இல் காலிமுகத்திடல் போராட்டக்காரர்கள் தாக்கப்பட்டதன் பின்னர் செய்தி சேகரிக்க அங்கு போயிருந்தேன். அறவழியில் இருந்தவர்கள் இத்திடலில் அடிவாங்கியது இதுவே முதல்முறை என்றார் ஒரு சிங்கள இளைஞர். எதிரே தெரிந்த ஜனாதிபதி செயலகத்தைக் காட்டினேன். 1930 இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம்தான் 1982 வரை நாடாளுமன்றம். தந்தை செல்வாவின் கதையை அவருக்குச் சொன்னேன்.

எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1898 இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்தவர். 1947 இல் காங்கேசன்துறை உறுப்பினராக அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தார். மறு ஆண்டே மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை அங்கே எதிர்த்தார். 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1956 ஜூன் 5 அன்று உள்ளே தனிச்சிங்களச் சட்டமூலம் வந்தது. வெளியே திடலில் அவர் தலைமையில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் காடையர்கள் அடித்தார்கள். பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 1957 இல் பண்டாரநாயக்காவுடன் செய்த ஒப்பந்தம் மறு ஆண்டே கிழிக்கப்பட்டது. 1972 இல் புதிய அரசியலமைப்பை எதிர்த்துப் பதவி துறந்தார். 1975 இடைத்தேர்தலில் மக்கள் அவரையே மீண்டும் அனுப்பினார்கள். 1977 ஏப்ரல் 26 இல் மறைந்தார்.

அந்த இளைஞர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பியதும் அண்ணாவின் மகனிடம் 1956 பற்றிக் கேட்டேன். அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.