கருகிய கடைக்குப் பின்

1819ல் ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து கப்பலில் வந்த நாராயண பிள்ளைக்கு இங்கு நிலையான வேலை இல்லை. கருவூலத்தில் நாணயங்களைத் தரம் பிரித்தார். ஊரில் கட்டடங்கள் பெருகும் என்று கணித்து, தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை அமைத்தார். துணிக்கடையும் திறந்தார். 1822ல் தீ கடையை அழித்தது, கடன் மிஞ்சியது. வணிகர்களிடம் அவகாசம் கேட்டார். ராஃபிள்ஸ் நிலம் ஒதுக்கினார். மீண்டெழுந்த பிள்ளை, 1827ல் மாரியம்மன் கோயில் உருவாகவும் முன்னின்றார்.

சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துணி துவைத்துப் பிழைத்த டோபி காட் வழியாகத்தான் நான் நேர்காணல்களுக்குச் செல்கிறேன். உழைத்தால் போதும் என்கிறார்கள். பிள்ளைக்கோ அவகாசமும் பிறர் உதவியும் தேவைப்பட்டன. என் செலவை நானே ஏற்கும் நாள்வரை, நானும் கேட்கத் தயங்கமாட்டேன்.